தன் மருத்துவமனையையே எண்ணிப் பார்த்தவர்

கல்லூரியில் பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்திய காலத்தில், வரைபடங்கள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன். கையில் விளக்கோடு படத்தில் நிற்கும் அம்மையாருக்கும் புள்ளியியலுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பைப் பயன்படுத்திக்கொண்டு பாடத்தை நகர்த்திவிடுவேன். அவர் எதை எண்ணினார், எதற்காக எண்ணினார் என்பதை நானே முழுமையாகப் படித்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னைப் படிக்க வைத்தது என் அக்காவின் படுக்கைப்புண்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அக்கா, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 19 நாட்கள் இருந்தார். அறுவை சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் வாக்கில், முதுகின் கீழே நான்கு விரல் அகலத்துக்குத் தோல் கறுத்து உரிந்திருப்பதை என் மனைவிதான் முதலில் பார்த்தார். இரவு வேளையில் அந்த வார்டின் 22 படுக்கைகளுக்கும் ஒரே ஒரு செவிலிப் பெண். மருந்து கொடுப்பதற்கும் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றுவதற்குமே அவருக்கு விடிந்துவிடும். அவர்மீது எனக்குச் சினமில்லை. வீடு திரும்பும்போது தந்த கட்டணப் பட்டியலில் பஞ்சு, ஊசி, கையுறை எல்லாம் எண்ணிக்கையோடு இருந்தன. செவிலியர் கவனிப்பு என்பது மட்டும் ஒரே வரி. நாளொன்றுக்கு இவ்வளவு என்று. அக்காவை எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தார்கள் என்பதற்கு எந்தத் தாளிலும் பதிவு இல்லை. கடைசியாக நீட்டிய கருத்துப் படிவம் உணவின் சுவையையும் அறையின் தூய்மையையும் வரவேற்பாளரின் புன்னகையையும் பற்றிக் கேட்டது.

ஒரு மருத்துவமனையில் செவிலியர் பணி நன்றாக நடக்கிறது, இன்னொன்றில் அப்படி இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? மருத்துவமனைகளை எண்களால் ஒப்பிட முடியுமா என்று 160 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் நைட்டிங்கேல். ஆகவே அவருடைய வாழ்க்கையை இந்தக் கேள்வியின் வழியாகப் படித்தேன்.

1820 மே 12-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். நகரின் பெயரே பெயராயிற்று. வசதி மிக்க ஆங்கிலேயக் குடும்பம். தந்தை வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் தாமே மகள்களுக்கு மொழிகளும் வரலாறும் கற்பித்தார். இளைய மகளுக்கோ கணிதத்தின்மேல் தீராத ஆசை. அக்காலத்தில் செவிலியர் வேலை என்பது ஏழைப் பெண்கள் வேறு வழியின்றி ஏற்பது. குடும்பம் பல ஆண்டுகள் தடுத்தது. 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் திருச்சபைச் சகோதரிகள் நடத்திய நிறுவனத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் பாரிஸ் சென்று அந்நகர மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்தார். பிரெஞ்சு மொழியில் சரளமாகப் பேசுவார். கன்னியர் நோயாளிகளைப் பராமரிக்கும் முறையை அங்கே கவனித்தார். பிரெஞ்சு மருத்துவமனைகளின் கன்னியர் மரபைப் புதுச்சேரியில் வளர்ந்த என் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை; குளூனி சபைக் கன்னியரை நாங்கள் சிறு வயதிலிருந்தே அறிவோம். செவிலியரை இன்றும் நாம் சிஸ்டர் என்று அழைப்பதில் அந்த மரபின் எச்சம் இருக்கிறது. அதே ஆண்டில் தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு ஒதுக்க இசைந்தார். பொருளியல் ஆசிரியனாக இதைச் சொல்லாமல் விட முடியாது: அந்தத் தொகைதான் அவருக்கு விடுதலை. ஊதியம் வாங்காமல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்றார்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போர். 38 பெண்களுடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4-இல் இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்குட்டாரி படைவீட்டு மருத்துவமனையை அடைந்தார். பிறகு நடந்ததை நம் பாடப்புத்தகங்கள் விளக்கோடு நிறுத்திக்கொள்கின்றன. துணிகளைத் துவைக்க ஏற்பாடு செய்தார், சமையற்கூடம் அமைத்தார், இரவில் வார்டுகளைச் சுற்றி வந்தார்; எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 427 பேர் என்ற வீதத்தில் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் காயத்தால் இறக்கவில்லை. வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அந்தப் பெரிய கட்டடம் அடைத்துக் கிடந்த சாக்கடைகளின்மேல் நின்றுகொண்டிருந்தது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் சாக்கடைகளைத் தூய்மைப்படுத்தி, காற்றோட்டத்துக்கு வழிசெய்து, நெரிசலைக் குறைத்தது. ஜூன் மாதத்தில் வீதம் ஆயிரத்துக்கு 22.

1856 ஆகஸ்டில் நாடு திரும்பியவரை ஊரே கொண்டாடக் காத்திருந்தது. அவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த இலையுதிர் காலத்தில் வில்லியம் ஃபார் என்பவரைச் சந்தித்தார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர் ஃபார். இருவரும் போர்க்கால ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். அப்போதுதான், அப்பகுதியில் இருந்த படை மருத்துவமனைகளிலேயே மிக அதிகமாகச் சாவு நிகழ்ந்தது தாம் இருந்த ஸ்குட்டாரியில்தான் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. நாடே புகழ்ந்த மருத்துவமனை அது. இந்த உண்மை அவரை எவ்வளவு உலுக்கியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உலுக்கியதோ இல்லையோ, அவர் அதை மறைத்து வாழவில்லை. 1857-இல் அமைந்த அரச ஆணையத்துக்கு அந்த எண்களையே சான்றாக வைத்தார். அமைதிக் காலத்திலும்கூடப் படைவீட்டில் இருக்கும் இளம் வீரர்கள் அதே வயதுப் பொதுமக்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் இறக்கிறார்கள் என்று காட்டினார். 1858-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வட்ட வரைபடத்தில், மாதத்துக்கு ஒரு கூறாக, தடுத்திருக்கக்கூடிய நோய்ச் சாவுகளை நீலத்திலும் காயச் சாவுகளைச் சிவப்பிலும் தீட்டினார். நான் வகுப்பில் காட்டிய படம் அதுதான். படத்தின் நேர்த்தியைப் பற்றி மட்டுமே பேசினேன். அந்த நீலப் பரப்பில் அவருடைய கண் முன்னால் இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொன்னதில்லை. அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதன் முதல் பெண் உறுப்பினர் அவரே.

இதற்குள் அவர் உடல் தளர்ந்துவிட்டது. 1857 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலும் சாய்விருக்கையிலுமாக இருந்தபடி வேலை செய்தார். மருத்துவமனைகளைப் பற்றிய அவருடைய நூல் 1859-இல் வந்தது. பாரிஸின் லாரிபுவாசியேர் மருத்துவமனையைப்போல நீண்ட, இரு புறமும் சன்னல்கள் கொண்ட தனித்தனிக் கூடங்கள் வேண்டும் என்று அதில் வாதிட்டார். காற்று வரவேண்டும், ஒரு செவிலி நின்ற இடத்திலிருந்து எல்லாப் படுக்கைகளையும் பார்க்க முடியவேண்டும். அக்கா இருந்த வார்டில் வளைந்து வளைந்து சென்ற நடைவழிகளை நினைத்தால், இந்த எளிய கருத்தைக்கூட நாம் மறந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. குளிர்சாதனம் வந்த பிறகு சன்னலுக்கு மதிப்பில்லை.

கட்டடத்தைவிட அவரை அலைக்கழித்தது கணக்கு. லண்டனின் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி ஒரு கணக்கு வைத்திருந்தது. சில எதுவுமே வைக்கவில்லை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வழியே இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு படிவத்தை அவர் வகுத்தார். ஆண்டின் முதல் நாளில் இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், குணமடைந்தோ தேறியோ சென்றவர்கள், குணமாகாமல் அனுப்பப்பட்டவர்கள், இறந்தவர்கள், ஆண்டின் கடைசி நாளில் எஞ்சியவர்கள், சராசரியாகத் தங்கிய நாட்கள். இவ்வளவும் நோய்வாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக. 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு இத்திட்டத்தை ஏற்றது. லண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில முயன்றும் பார்த்தன. சில ஆண்டுகளில் எல்லாம் நின்றுபோயிற்று. எழுத்து வேலை மிகுதி. நோய்களை வகைப்படுத்துவதில் மருத்துவர்களுக்குள் உடன்பாடில்லை. நம் ஊர் அரசு அலுவலகங்களில் தொடங்கிக் கைவிடப்பட்ட பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு இக்கதை புதிதாக இராது.

அவர் சறுக்கிய இடமும் இதற்கு அருகிலேயே இருக்கிறது. மருத்துவமனை நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஃபார் தயாரித்த ஓர் அட்டவணையைச் சேர்த்திருந்தார். 1861 ஏப்ரல் 8-இல் லண்டனின் 24 மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகள் 4,214 பேர். அந்த ஆண்டு முழுவதும் அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். ஆகவே இறப்பு வீதம் 90.84 சதவீதம் என்றது அட்டவணை. ஊர்ப்புற மருத்துவமனைகளுக்கு அதே முறையில் கணக்கிட்டபோது 39.41 சதவீதம்தான் வந்தது. லண்டன் மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய சினத்தில் நியாயம் இருந்தது. மேலே ஓர் ஆண்டின் சாவுகளை வைத்துவிட்டு, கீழே ஒரே நாளின் தலைக்கணக்கை வைத்தால் என்ன கிடைக்கும்? ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பத்துப் பேர் வந்துபோனால், சேர்ந்தவர்களில் இறந்தவர்கள் 9 சதவீதம்தான். லண்டன் மருத்துவமனைகளில் ஆட்கள் விரைவாக மாறினார்கள். கடுமையான நோயாளிகளும் அங்கேதான் குவிந்தார்கள். ஊர்ப்புறத்தின் நல்ல காற்று மட்டும் அந்த வேறுபாட்டுக்குக் காரணமாகாது.

நான் இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தால் இதை ஜிப்மரைக் கொண்டு விளக்குவேன். 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து மற்ற இடங்களில் கைவிரித்த நோயாளிகள் அங்கேதான் வருகிறார்கள். நஞ்சுண்டவர், பாம்பு கடித்தவர், நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவர் என்று இரவெல்லாம் வண்டிகள். பத்துப் படுக்கை கொண்ட ஒரு சிறு மருத்துவ இல்லம், நோயாளி தேறமாட்டார் என்று தெரிந்ததும் ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டால், அந்தச் சாவு அதன் கணக்கில் வராது. இரண்டின் இறப்பு வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எது நல்ல மருத்துவமனையாகத் தெரியும்? வந்தவர்களின் நோய்க் கடுமையைக் கணக்கில் எடுக்காத எந்த ஒப்பீடும், துணிந்து நோயாளியை ஏற்பவரைத் தண்டித்து, தட்டிக்கழிப்பவருக்குப் பரிசளிக்கும். நைட்டிங்கேலோடு மோதியவர்கள் கேட்ட கேள்வி இதுவே. மருத்துவமனைத் தரத்தை அளப்பவர்கள் இன்றுவரை அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயினும், எண்களைத் தவறாகக் கையாண்டவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாமல் செய்கிறது அடுத்து நடந்தது. கிரிமியப் போருக்குப் பிறகு மக்கள் நன்றியோடு திரட்டிய நிதியைக் கொண்டு 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதே நிதியிலிருந்து கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க ஒரு பிரசவ வார்டும் அமைந்தது. தேர்ந்த கன்னியரின் மேற்பார்வை. எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே அவர் நம்பினார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் இறக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது கணக்கைப் பார்த்தார். சுமார் ஆறு ஆண்டுகளில் 780 பிரசவங்கள். 26 தாய்மார் இறந்திருந்தார்கள். ஆயிரத்துக்கு 33-க்கு மேல். வீட்டிலேயே பிள்ளை பெற்ற பெண்களிடையே ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐவர்தான் இறந்தார்கள். 1867-இல் வார்டை மூடிவிட்டார்.

மூடியதோடு விடவில்லை. பிரசவ மருத்துவமனைகளின் சாவுக் கணக்கைப் பல இடங்களிலிருந்து திரட்டி, 1871-இல் ஒரு நூல் எழுதினார். நம்பத்தக்க கணக்கே எங்கும் சரியாக வைக்கப்படவில்லை என்று தொடங்கும் அந்நூல், தம்முடைய வார்டின் எண்களையும் அட்டவணையில் வைத்தது. தம் பெயரால் திரட்டிய பணத்தில் நடந்த ஒரு நிறுவனத்தின் தோல்வியை இவ்வாறு அச்சில் ஏற்றியவர்கள் அக்காலத்தில் எத்தனை பேர்? இக்காலத்தில்தான் எத்தனை பேர்? விளக்கைவிட இந்த அட்டவணைதான் என்னை அவர்முன் தலைவணங்க வைக்கிறது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அவருடைய படிவத்தில் சாவுக்கு இடமிருந்தது, நாட்களுக்கு இடமிருந்தது. செவிலியின் கைக்கு இடமில்லை. செவிலியர் பணி பற்றி அவர் எழுதி 1860 தொடக்கத்தில் வந்த சிறு நூலில், படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றம் அன்று, பராமரிப்பின் குற்றம் என்று சொல்லியிருக்கிறார். அளவுகோலுக்கான விதை அங்கேயே இருக்கிறது. ஆனால் அதை அவர் எண்ணும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1998-இல் செவிலியர் பணியின் தரத்துக்கென்றே ஒரு தேசியத் தரவுத்தளத்தை அமைத்தது. மருத்துவமனையில் ஏற்பட்ட படுக்கைப்புண்கள், நோயாளிகள் தவறி விழுந்த நிகழ்வுகள், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் கிடைத்த செவிலியர் பணி நேரம் என்பன போன்றவை அதில் திரட்டப்பட்டன. தவறி விழுதலை ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். நோயாளி-நாள் என்பது ஒரு நோயாளி ஒரு நாள் தங்கியது.  2002-இல் லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள். ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்புற்றிருந்தது. நோயாளியின் வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் எடுத்த பின் கிடைத்த எண் இது.

நம் நாட்டிலும் தரச் சான்று வழங்கும் தேசிய வாரியம், சான்று கேட்கும் மருத்துவமனைகளிடம் படுக்கைப்புண், தவறி விழுதல் போன்ற கணக்குகளைப் பராமரிக்கச் சொல்கிறது. நல்லதே. ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. ஒன்று, உண்மையாகத் தேடிப் பார்த்து எழுதும் வார்டில் எண்ணிக்கை கூடும். கண்ணை மூடிக்கொள்ளும் வார்டில் குறையும். எண் கூடியதற்காகச் செவிலியரைக் கடிந்துகொண்டால் அடுத்த மாதம் புண் ஆறாது, பதிவுதான் மறையும். இரண்டாவது, நம் ஊருக்கே உரியது. நம் மருத்துவமனைகளில் நோயாளியைப் புரட்டுவதும், சோறூட்டுவதும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் உடன் இருப்பவர்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளும் மருமகளும் மனைவியும் இல்லாவிட்டால் எந்த வார்டும் ஓர் இரவைத் தாண்டாது. புண் வராமல் காத்தது செவிலியா, மருமகளா? எண் சொல்லாது. தேசிய வருமானக் கணக்கில் வீட்டுப் பெண்களின் உழைப்பு சேராததைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசியவன் நான். மருத்துவமனைக் கணக்கிலும் அதே உழைப்பு விடுபட்டிருப்பதை என் மனைவி பதினெட்டு இரவுகள் அந்தப் பெஞ்சில் உறங்கிய பிறகே கண்டேன்.

ஆகவே தரவரிசைப் பட்டியல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்குமுன் வேண்டுவது மிக எளியது. ஒவ்வொரு வார்டின் வாயிலிலும், இந்த வேளையில் பணியில் இருக்கும் செவிலியர் எத்தனை பேர், படுத்திருக்கும் நோயாளிகள் எத்தனை பேர் என்று இரண்டு எண்களை எழுதி வைக்கட்டும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. நோயாளி சேரும்போது தோலின் நிலை, போகும்போது தோலின் நிலை. கோப்பில் இரண்டு வரிகள். அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் ஒரே படிவத்தில். புதுச்சேரி சிறிய ஆட்சிப்பகுதி. காரைக்காலையும் மாஹேயையும் ஏனாமையும் சேர்த்தாலும், லண்டனில் 1860-இல் முடியாதது இங்கே முடியாமல் போகக் காரணமில்லை.

நம் பக்கத்து மண்ணோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவைப் பற்றி எழுதினார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றிய அரச ஆணையத்துக்காக, இங்கிருந்த ஒவ்வொரு படைத்தளத்துக்கும் வினாப் படிவம் அனுப்பித் தகவல் திரட்டினார். 1863-இல் வந்த அறிக்கை, ஆயிரம் வீரர்களில் ஆண்டுக்கு 69 பேர் இறப்பதாகச் சொன்னது. பத்தாண்டுகளுக்குப் பின் அது 18-ஆகக் குறைந்ததாக அவர் எழுதினார். முதலில் படைவீரரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவர், படைவீட்டின் வேலிக்கு வெளியே இருந்த ஊர்களையும் பிறகு எண்ணத் தொடங்கினார். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் மடிந்தபோது, நிலவரியையும் கந்துவட்டியையும் பாசன வசதியின்மையையும் சாடி எழுதினார். காவிரியில் பணி செய்த ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களை ஆதரித்தார். 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியதும் அவருடைய காலத்திலேதான்.

அவரிடம் எனக்கு இன்றும் விளங்காத ஒன்று உண்டு. 1880-களின் இறுதியில், தேர்வு நடத்திச் செவிலியரைப் பதிவு செய்யவேண்டும் என்று இங்கிலாந்தில் ஓர் இயக்கம் எழுந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். நல்ல செவிலியை நல்லவளாக்கும் பண்புகளைத் தேர்வுத்தாள் அளக்காது என்பது அவர் கட்சி. வாழ்நாள் முழுவதும் எண்ணியவர், செவிலியையே எண்ணில் அடக்க மறுத்தார். பதிவுச் சட்டம் அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1919-இல்தான் வந்தது. பதிவும் ஊதியமும் உரிமையும் பெறவேண்டிய ஏழைப் பெண்களுக்கு அந்த எதிர்ப்பு நன்மை செய்யவில்லை என்பது என் கருத்து. ஆனால் இரவெல்லாம் 22 படுக்கைகளுக்கிடையே ஓடிய அந்தப் பெண்ணை நினைக்கும்போது, அவருடைய தயக்கத்தின் ஒரு பாதி எனக்கும் புரிகிறது. அவளை அளப்பதற்கு முன் அவளுக்குத் தரப்பட்ட படுக்கைகளை அல்லவா எண்ணவேண்டும்?

1891-இல் ஆக்ஸ்போர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த விரும்பி, பிரான்சிஸ் கால்டனோடு கடிதவழி கலந்து பேசினார். ஆட்சியாளர்கள் கைவசம் குவிந்துகிடக்கும் எண்களைப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. உயிலில் 2,000 பவுண்டு ஒதுக்கவும் எண்ணினார். அப்பணம் தாம் கருதிய நோக்கத்துக்குச் செலவாகாதோ என்ற அச்சத்தில் பிறகு அதைத் திரும்பப் பெற்றார். பதவி அமையவில்லை. கண்பார்வை மங்கிய கடைசி ஆண்டுகளில், 1907-இல், பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்ணானார். 1910 ஆகஸ்ட் 13-இல் தம் 90-ஆம் வயதில் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தார்கள்; உறவினர் அதை ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் ஈஸ்ட் வெல்லோ சிற்றூரில், குடும்பக் கல்லறையில் அடக்கம் நடந்தது. அவருக்கான இடத்தில் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறப்பு இறப்பு விவரங்களும் மட்டுமே பொறித்திருக்கின்றன.

அக்காவின் புண் ஆறுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட்ட நேரங்களை என் மனைவி பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.